முதுகு திருப்பிப் போட்ட பங்கு

மரக்காணம் உப்பளத்துல வேலம்மாள் பங்கு போட்டான்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. கழுவெளி ஏரியில எறா பிடிக்கிறவங்க போற போக்குல ஒரு கூடை கொடுத்துட்டுப் போனா, அதைப் பிரிக்கிற வேலை அவளுது. எப்படிப் பிரிப்பான்னு கேளுங்க. எத்தனை பேரோ அத்தனை குவியலா தரையில வைப்பா. அப்புறம் குவியலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்குவா. கூட வேலை பாக்குற பொன்னி ஒரு குவியல் மேல கையை வச்சு, "இது யாருக்கு?"ன்னு கேப்பா. வேலம்மாள் திரும்பாமலே ஒரு பேரைச் சொல்லுவா. சொன்ன பேருக்கு அந்தக் குவியல். பெரிய எறாவா விழுந்தாலும் சரி, வெறும் பொடியா விழுந்தாலும் சரி, விழுந்தது விழுந்தது தான். கடைசியா மிஞ்சுறது கூப்பிட்டவளுக்கு. பேர் விழுந்த பிறகு குவியலை மாத்திக்கிட்டவளோட யாரும் பேச்சு வச்சுக்க மாட்டாங்க. ஒருத்தி ஒரு தடவை மாத்திட்டு அந்த சீசன் முழுக்க தனியா உக்காந்து கஞ்சி குடிச்சா.

அப்படிப்பட்ட கைக்காரிக்கு கையிலயே வந்து உக்காந்துச்சு வியாதி. வயசு முப்பத்தெட்டு. உப்பு வார்றதுல அவளை அடிச்சுக்க அந்தப் பக்கத்துலயே ஆள் இல்லன்னு பேரு. வாருபலகையை எடுத்து இழுத்தான்னா, அடிச்சேறு ஒட்டாம உப்பு வெள்ளை வெளேர்னு வரப்புக்கு வந்து நிக்கும். ரெண்டு வருஷமா விரல் மூட்டு ஒவ்வொண்ணும் வீங்கி, காலையில எழுந்தா கை மடங்கவே மாட்டேங்குது. தலையை முடிய முடியல. புருஷன் கலியன் தான் தினமும் கொண்டை போட்டு விட்டான். பக்கத்து வீட்டு ஆம்பளைங்க, "ஏம்பா கலியா, அடுத்து பூ வச்சு விடுவியா?"ன்னு கேலி பண்ணா, "வச்சு விடுவேன், உனக்கு ஏன் வயிறு எரியுது?"ன்னு கேட்டுட்டு அவன் பாட்டுக்கு சீப்பைக் கழுவி வைப்பான்.

மேஸ்திரி கெட்டவன் இல்ல. ஆனா அவனுக்கும் மேல ஆள் இருக்குது. வேலம்மாளை மடை தொறந்து மூடுற வேலைக்கு மாத்திட்டு, "ஆடி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள கை திரும்பலன்னா உன் வாருபலகையை வேற ஆளுக்குக் கொடுக்கணும், கோவிச்சுக்காத"ன்னு சொல்லிட்டான். கோவிச்சுக்காம இருக்க அவ என்ன மண்ணா? அன்னிக்கு மடைப் பலகையை ஓங்கி உதைச்சா. கால் விரலும் வீங்குனது தான் மிச்சம்.

இது எழுபத்து நாலாம் வருஷம், தை மாசம். அந்த மாசம் தான் பாண்டிச்சேரியிலேர்ந்து ஜோசப்பின் டாக்டர் வந்து இறங்குனாங்க. முப்பது வயசு இருக்கும். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில ரெண்டு பெட்டி. மாதா கோவிலுக்குப் பின்னால இருக்கிற பள்ளிக்கூட ஹாலை அந்தக் கோவில் சாமியார் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தொறந்து விட்டாரு. சுத்துப்பட்டு ஊரையெல்லாம் சல்லடை போட்டுச் சலிச்சு, முடக்குவாதம்னு ரத்தம் பாத்து உறுதியான பொம்பளைங்க முப்பது பேரை டாக்டரம்மா எடுத்தாங்க. பிரம்மதேசத்துக்காரி, கிளியனூர்க்காரி எல்லாம் உண்டு. அளத்துலேர்ந்து மட்டும் பதினோரு பேரு. வேலம்மாளும் பொன்னியும் அதுல சேத்தி. பொன்னிக்கு வயசு இருபத்தாறு தான், அவளையும் விடல அந்தப் பாழாப் போன வியாதி.

"உப்புத் தண்ணியில நின்னு நின்னு வந்துச்சு டாக்டரம்மா"ன்னு எல்லாரும் சொன்னாங்க.

"இல்லம்மா. உப்பைப் பாக்காதவங்களுக்கும் வருது. உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சு மூட்டோட சண்டை போடுது. அதான் இந்த வியாதி. ஒரு செடியோட வேர்லேர்ந்து ஒரு பொருளை எடுத்திருக்கோம். நீங்க கடல் தண்ணியிலேர்ந்து உப்பு எடுக்கிற மாதிரி காய்ச்சி, வடிச்சு எடுத்தது. அது இந்த சண்டையை நிறுத்துமான்னு பாக்கத் தான் வந்திருக்கேன்" அப்படின்னாங்க.

என்ன செடின்னு கேட்டா மட்டும் வாயே தொறக்கல. சொன்னா இவங்களே புடுங்கி ரசம் வச்சுக் குடிச்சுடுவாங்களாம். நியாயமான பயம் தான். சொல்லாமப் போனதுக்கே பொன்னி நொச்சிங்கிறா, இன்னொருத்தி முடக்கத்தாங்கிறா, பிரம்மதேசத்து ஆண்டாள் தனக்கு மட்டும் தெரியும், சொல்ல மாட்டேன்னு ஒரே பிகு.

அளக்குறதும் வேடிக்கையாத் தான் இருந்துச்சு. பிரஷர் பாக்குற துணிப்பட்டையைச் சுருட்டிக் கையில கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லுவாங்க. பாதரசம் எவ்வளவு உசரம் ஏறுதோ அது தான் கையோட பலம். வேலம்மாளுக்கு எம்பத்து நாலு. நல்ல கைக்கு முந்நூறு வரைக்கும் போகுமாம். ஆசாரிக்கிட்ட வாங்கின மோதிர அளவு வளையத்தை விரல் மூட்டுல மாட்டி வீக்கம் பாப்பாங்க. "பொண்ணு பாக்க வந்துட்டாங்கடி"ன்னு ஒரே சிரிப்பு. காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல கை மடங்குதுன்னு கேட்டா, கடிகாரம் எவ வச்சிருக்கா? "கோவில் மணிக்கும் பாண்டி பஸ்ஸுக்கும் நடுவுல"ன்னு வேலம்மாள் சொன்னா. டாக்டரம்மா பஸ் டைம் விசாரிச்சு அதையும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அந்த அக்கறையைப் பாத்தே பாதி பேரு, "குணம் தாங்க, நல்ல குணம்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மருந்து வாய்க்குள்ள போறதுக்கு முன்னாலயே!

மருந்து கொடுக்கிற அன்னிக்கு ஒரு காகிதத்தைப் படிச்சாங்க. உங்களில் ஒரு பாதியினருக்கு மருந்தும், மறு பாதியினருக்கு மருந்தற்ற கேப்சூலும் வழங்கப்படும், யாருக்கு எது என்பது அறிவிக்கப்பட மாட்டாதுன்னு. மாதா கோவில் பூசையில படிக்கிற நிருபம் மாதிரி கடகடன்னு படிச்சு முடிச்சு, எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கிக்கிட்டாங்க. ஆளுக்கு ஒரு பாட்டில். பாட்டில் மேல நம்பர். வலி பொறுக்காத அன்னிக்குப் போட ஆஸ்பிரின் தனியா. எத்தனை போட்டோம்னு மட்டும் ஒழுங்காச் சொல்லிடணும்.

திரும்பி வர்ற வழியில வேலம்மாள் நடக்கிறதை நிறுத்திட்டா.

"ஏண்டி பொன்னி, மறு பாதிக்கு மருந்து இல்லன்னா அதுல என்ன இருக்கும்?"

"மாவா இருக்கும்க்கா."

"வலி எல்லாருக்கும் ஒண்ணு தானே? பாதி பேருக்கு மருந்து, பாதி பேருக்கு மாவுன்னா இது எந்த ஊர் நியாயம்?"

அவளுக்கு மூக்கு நுனி செவந்துடுச்சு. அளத்துக்காரிங்க பதினோரு பேரையும் பனைமரத்தடியில உக்கார வச்சா. முறத்துல பதினோரு பாட்டிலையும் கவுத்தா. நல்லா அள்ளி அள்ளிக் கலந்தா. எண்ணிப் பதினோரு பங்கா திரும்பவும் பாட்டில்ல போட்டா. இப்போ யார் பாட்டில்லயும் வெறும் மாவு இல்ல, யார் பாட்டில்லயும் முழு மருந்தும் இல்ல. எல்லாருக்கும் சமம். ஆறு வாரமும் வாரத்துக்கு ஒரு தடவை இப்படியே நடந்துச்சு. தான் செஞ்ச நியாயத்தை நினைச்சு நினைச்சு அவளுக்கே பெருமை தாங்கல.

தாங்காததால தான் ஆறாவது வாரம் வாயை விட்டா. டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்து, "அளத்துக்காரிங்க எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குணம். ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் வித்தியாசமே இல்லையே"ன்னு நெத்தியைத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க.

"எப்படி இருக்கும்? நாங்க யாருக்கும் குறை வைக்கலையே. பதினோரு பேர் பாட்டிலையும் கலந்து சமமா பங்கு போட்டுட்டோம்ல"ன்னா வேலம்மாள், பாராட்டுக்குக் காத்துக்கிட்டு.

டாக்டரம்மா நோட்டை மூடுனாங்க. கண்ணாடியைக் கழட்டுனாங்க. அப்படியே பள்ளிக்கூடப் பசங்க உக்கார்ற பெஞ்சுல உக்காந்துட்டாங்க. அழுவுறாங்களா, சிரிக்கிறாங்களான்னு தெரியல.

"போச்சு வேலம்மா. ஆறு வாரம் மொத்தமும் போச்சு. மெட்ராஸ்ல பெரிய டாக்டர் இதைக் கேட்டா மூட்டையைக் கட்டுன்னு சொல்லிடுவாரு."

வேலம்மாளுக்குச் சுருக்குன்னுச்சு. "ஏன் போச்சு? தப்பு நீங்க பண்ணீங்க. நாங்க சரி பண்ணோம். பாதி பேருக்கு மாவைக் கொடுத்தது நீங்க தானே?"

"நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. மருந்து தர்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட குணம்னு சொன்னவங்க எத்தனை பேரு?"

வேலம்மாள் கொஞ்சம் யோசிச்சா. "பாதிக்கு மேல. நீங்க பஸ் ஏறி இவ்வளவு தூரம் வர்றீங்களே, மனசு நோகக் கூடாதுன்னு."

"அது தான்மா. அன்பால வர்ற குணம் எது, மருந்தால வர்ற குணம் எது? மருந்தே இல்லாத ஒரு கூட்டம் பக்கத்துல இருந்தா தானே எனக்குத் தெரியும்? சும்மா ஒரு மருந்தை நல்ல மருந்துன்னு ஊர் ஊரா விக்கிறதுக்கு நான் டாக்டருக்குப் படிக்கல."

"அப்போ யாருக்கு மாவுன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியாது. மெட்ராஸ்ல சீட்டுக் குலுக்கி நம்பர் போட்டு, அந்த லிஸ்ட்டை கவர்ல ஒட்டி சாமியார் பீரோவுல வச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சா உங்க கையைப் பிடிச்சு அளக்குறப்ப என் மனசு ஒரு பக்கம் சாயும்ல?"

வேலம்மாள் வாய் பொளந்து நின்னா. அப்புறம் தலையில பட்டுன்னு அடிச்சுக்கிட்டா. வீங்குன கை, வலி உச்சிக்கு ஏறுச்சு.

"அடப் பாவமே! இது முதுகு திருப்பிப் போடுற பங்கு! கொடுக்கிறவளுக்கும் தெரியாது, வாங்குறவளுக்கும் தெரியாது. இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன டாக்டரம்மா? அந்தக் காகிதத்துல என்னென்னமோ படிச்சீங்களே, இந்த ஒரு வார்த்தை படிக்கக் கூடாதா? முதுகு திருப்பிப் போட்ட பங்குன்னு தெரிஞ்சா அளத்துக்காரி ஒருத்தியாவது அதுல கை வச்சிருப்பாளா?"

அது என்ன பங்குன்னு டாக்டரம்மா கேட்டாங்க. எறாப் பங்கை வேலம்மாள் ஆதியோட அந்தமா சொன்னா. அந்த அம்மா அதையும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. கடைசியா, "நாங்க காலேஜ்ல ரெண்டு வருஷம் படிக்கிறதை நீங்க எறாவை வச்சுச் சொல்லிட்டீங்க"ன்னாங்க. வேலம்மாளுக்கு வெக்கமாவும் இருந்துச்சு, உச்சி குளிர்ந்தும் போச்சு.

மெட்ராஸ் பெரிய டாக்டர்கிட்ட என்ன வாங்கிக் கட்டிக்கிட்டாங்களோ, சொல்லல. இன்னொரு வாய்ப்பு வாங்கிட்டு வந்துட்டாங்க. சித்திரையில புதுசா முப்பது பாட்டில். இந்தத் தடவை பன்னெண்டு வாரம். காகிதத்தை வேலம்மாளே எல்லாருக்கும் விளக்குனா. ஹால் தரையில பாட்டிலை வரிசையா வச்சாங்க. வேலம்மாள் செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னா. டாக்டரம்மா ஒரு பாட்டில் மேல கையை வச்சு, "இது யாருக்கு?"

"ஆண்டாளுக்கு."

"இது?"

"பொன்னிக்கு."

முப்பது பேருல இருபத்தொம்போது பேரையும் கூப்பிட்டாச்சு. மிஞ்சுனது பதினேழாம் நம்பர். அது வேலம்மாளுக்கு. சாமியார் ஒட்டுன கவரை எல்லாருக்கும் காட்டிட்டுக் கொண்டு போய் பீரோவுல வச்சுப் பூட்டுனாரு. "இனிமே எவளாவது பாட்டிலைத் தொறந்து மாத்துனா, அவ எங்கூட எறாப் பங்குக்கு நிக்க வேணாம்"னு வேலம்மாள் சொன்னா. எறாவையே பாக்காத கிளியனூர்க்காரி கூட பயந்து தலையாட்டுனா.

நாலு வாரம் போச்சு. பொன்னிக்கு கை விரிஞ்சுது. சும்மா சொல்லல, வளையத்துல ஒரு அளவு குறைஞ்சுது, பாதரசமும் எம்பி எம்பி ஏறுச்சு. ஆண்டாளுக்கும் குணம். சனிக்கிழமை ஆனா அவ ஹால்ல கோலம் போடாத குறை. வேலம்மாளுக்கு மட்டும் எம்பத்து நாலு எம்பது ஆச்சு, எம்பது எழுபத்து மூணு ஆச்சு. காலையில கை மடங்க முன்னெல்லாம் பாண்டி பஸ் வந்தா போதும். இப்போ அந்த பஸ் போய் திண்டிவனம் பஸ்ஸும் வரணும்.

ஆண்டாளுக்கு நாக்கு சும்மா இருக்குமா? "நீ பத்தியம் காத்திருக்க மாட்ட. கருவாடு தின்னிருப்ப. இல்லன்னா யார் பாவத்தையோ கொட்டிக்கிட்டிருக்க. மருந்து ஒரு உடம்புல செல்லலன்னா அந்த உடம்புல தான் கோளாறு."

வேலம்மாள் திருப்பிக் கொடுத்துட்டா நாலு வார்த்தை. ஆனா ராத்திரி படுத்தா அது முள்ளு மாதிரி குத்துச்சு. நிஜமாவே கருவாட்டை விட்டா. புளியை விட்டா. செத்துப் போன மாமியாரை என்னிக்கோ ஏசுனதை நினைச்சு கெங்கையம்மன் கோவில்ல போய் விழுந்து கும்பிட்டா. அப்புறம் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டா. நமக்கு விழுந்தது மாவு. மாவு தின்னா கை எப்படி விரியும்? பாவமும் இல்ல, பத்தியமும் இல்ல. அந்த நினைப்பு தான் அவளை நிமுத்தி வச்சிருந்துச்சு.

எட்டாவது வாரம் மடைகிட்ட பொன்னி வந்தா. முந்தானையில முடிஞ்சு பத்து கேப்சூல்.

"அக்கா, என்னுது மருந்துன்னு நல்லாத் தெரியுது. நீ இதைப் போடு, உன்னுதை நான் போடுறேன். எனக்குத் தான் கை விரிஞ்சுடுச்சே. ஆடி வருதுக்கா. மேஸ்திரி வாருபலகையைப் புடுங்கிடுவான்."

வேலம்மாளுக்கு ஒரு நிமிஷம் கை நீண்டுச்சு. நீண்டுச்சுன்னே சொல்றேன், பொய் சொல்ல மாட்டேன். வெயில்ல உப்பு பளபளன்னு பாத்தியில கிடக்குது, அவ வாருபலகை வரப்புல சும்மா சாஞ்சு கிடக்குது. பொன்னி கண்ணுல தண்ணி வேற.

"எடுத்துட்டுப் போடி"ன்னா. "எடுத்துட்டுப் போ, இல்லன்னா மடைத் தண்ணியில தூக்கி எறிஞ்சுடுவேன். பேரைக் கூப்பிட்டவ நான். நானே மாத்திக்கிட்டா நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு முதுகைக் காட்டி நிப்பேன்?"

வீட்டுல கலியனும் கேட்டான். கொண்டை போட்டுக்கிட்டே மெதுவா, "அந்தப் பொண்ணு கொடுக்குதுல்ல, வாங்கிக்கயேன்"னான். அன்னிக்கு அவ கொண்டையைப் பாதியில புடுங்கிக்கிட்டு தலைவிரி கோலமா அளத்துக்குப் போனா. அதுக்கப்புறம் அவன் கேக்கல.

ஒம்போதாவது வாரம் டாக்டரம்மாவே சொன்னாங்க. "உங்களுக்கு மோசமாயிட்டுப் போகுது வேலம்மா. இப்பவே நிறுத்திடலாம். வேற வைத்தியம் பாக்குறேன். இதுல ஒரு அவமானமும் இல்ல."

"நான் நின்னுட்டா?"

"உங்க அளவு கணக்குல முழுசா இருக்காது."

"மூணு வாரம் தானே, இருந்துட்டுப் போறேன். நிறுத்தச் சொன்னது நீங்க, இருக்கேன்னது நான்னு எழுதிக்குங்க"ன்னா.

ஆடி ஒண்ணாந்தேதி மேஸ்திரி வாருபலகையை பொன்னிகிட்ட கொடுத்தான். பொன்னி வாங்க மாட்டேன்னு ஓன்னு அழுதா. வேலம்மாள் தான் எடுத்து அவ கையில வச்சா. வச்சுட்டு மடைக்கு நடந்து போனவ, யாரும் பாக்காத வரப்புல உக்காந்து அழுது தீத்தா. பன்னெண்டு வருஷம் பிடிச்ச பலகை. வயித்துல பொறந்தது மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

பன்னெண்டாவது வாரம் மெட்ராஸ்லேர்ந்து பெரிய டாக்டர் தட்சணாமூர்த்தி கார்ல வந்தாரு. சாமியார் கவரைக் கொண்டு வந்து எல்லார் கண்ணு முன்னாலயும் கிழிச்சாரு. பொம்பளைங்க வெளியில மரத்தடியில உக்காந்திருக்க, உள்ள ரெண்டு டாக்டரும் மதியம் வரைக்கும் கணக்குப் போட்டாங்க. ஆளாளா உள்ள கூப்பிட்டு என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. வேலம்மாளைக் கடைசியா கூப்பிட்டாங்க.

ஜோசப்பின் டாக்டர் முகம் வாடியிருந்துச்சு. "வேலம்மா, பதினேழாம் நம்பர் மாவு இல்ல. மருந்து."

வேலம்மாளுக்கு முதல்ல காதுல ஏறல. ஏறுனதும் தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்தா. மருந்து! மூணு மாசம் மருந்து தின்னும் கை இப்படி. மனசு மொதல்ல கருவாட்டுக்கும் மாமியாருக்கும் தான் ஓடுச்சு.

"ஏன் எனக்கு மட்டும் கேக்கல? நான் பத்தியம் காத்தேனே"ன்னா.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இன்னும் அஞ்சு பேருக்கு சரியாக் கேக்கல. எந்த மருந்தும் எல்லாருக்கும் கேக்காது. ஏன்னு எங்களுக்கே இன்னும் தெரியல."

பெரிய டாக்டர் இங்கிலீஷ்ல என்னவோ சொன்னாரு. ஜோசப்பின் டாக்டர் தமிழ்லயே பதில் சொன்னாங்க, வேணும்னே.

"முடியாது சார். அவங்களைக் கேக்காம அவங்க நம்பரை எடுக்க முடியாது. அவங்க இங்க தான் நிக்கிறாங்க, நீங்களே கேளுங்க."

அவரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. "ஏம்மா, மருந்து சாப்பிட்டவங்க சராசரியா இருபத்தொண்ணு கூடியிருக்காங்க. மாவு சாப்பிட்டவங்க ஆறு தான். நல்ல மருந்து. உன்னைச் சேத்தா இருபத்தொண்ணு பதினெட்டா இறங்குது. நீ மொதல் தடவை கலந்து சாப்பிட்டவ. அதைக் காரணம் காட்டி உன் நம்பரை விட்டுடலாம்னு பாக்குறேன். உனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல."

"சராசரின்னா என்ன சார்?"

"எல்லார் அளவையும் ஒண்ணாக் கூட்டி, ஆளுக்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது."

அவ்வளவு தான். மூக்கு நுனி செவந்துடுச்சு.

"கலந்து சாப்பிட்டது பதினோரு பேரு சார். மீதி பத்து பேரை விட்டீங்களா? குணமான பொன்னியும் கலந்து தான் சாப்பிட்டா. அவ பேரு இருக்குதுல்ல? குணமாகாதவளைப் பாத்துப் பொறுக்கி எடுக்குறீங்களே, இது எந்த ஊர் பங்கு?"

பெரிய டாக்டர் பேனாவை மூடுனாரு, தொறந்தாரு.

"எங்க அளத்துல படிக்காதவங்க தான். ஆனா நல்ல எறா எவளுக்குப் போச்சுன்னு பாத்துட்டு அப்புறம் பேரை அழிக்க மாட்டோம். நான் வாருபலகையைப் பறிகொடுத்துட்டு இதுல நின்னேன் சார். கைக்கே மருந்து தேடி வந்துச்சு, வாங்கல. என் கையை நீங்க மதிக்கலன்னா போங்க. அதுல வந்த அளவை எடுத்துப் போடுறதுக்கு உங்களுக்கு உரிமை இல்ல. பதினெட்டுன்னா பதினெட்டுன்னே எழுதுங்க. பதினெட்டு ஆறை விடப் பெருசு தானே? அப்புறம் என்ன பயம்?"

ஜோசப்பின் டாக்டர் நோட்டு மேல தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சிரிப்பை அடக்குறாங்கன்னு தோள் சொல்லுச்சு. அந்தப் பெரிய மனுஷன் எழுந்தாரு. கத்தப் போறாருன்னு தான் வேலம்மாள் நினைச்சா. தன் நாற்காலியை அவ பக்கம் நகத்திப் போட்டாரு.

"உக்காருங்கம்மா"ன்னாரு. "ஜோசப்பின், பதினேழை எழுதுங்க. எம்பத்து நாலுலேர்ந்து அறுபதுக்கு இறங்குச்சு, மருந்து செல்லலன்னு தெளிவா எழுதுங்க. இவங்களுக்கு அடுத்த வைத்தியத்தை நானே பாக்குறேன்."

வேலம்மாள் உக்காந்தா. அவ பேருக்கு எதிர்ல மை காயுற வரைக்கும் எழுந்திரிக்கல.

வெளியில வந்தா மரத்தடியில பொன்னி மூஞ்சியை முழங்கால்ல புதைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. "அக்கா, என்னுது மாவாம்க்கா. நான் உனக்கு மாவைக் கொண்டாந்து கொடுத்தேனே. என் கை பொய்யாக்கா விரிஞ்சுது?"

"பொய் எங்க இருக்குது? வளையத்துல அளந்தாங்கல்ல. விரிஞ்ச கை விரிஞ்சது தான். மாவுலயும் சில பேருக்கு விரியும்னு உன் பேர்ல எழுதியாச்சு. பலகையைக் கெட்டியாப் பிடி, போ."

ஆண்டாள் நாக்கைச் சப்புக் கொட்டுனா. "உனக்கு மருந்தே விழுந்துச்சாமே. அப்பவும் கேக்கலையே. நான் அன்னிக்கே சொன்னேன். மூணு மாசத்துல உனக்கு என்ன தான் கெடைச்சுது, சொல்லு பாப்போம்."

வேலம்மாள் வீங்குன ரெண்டு கையையும் அவ முகத்துக்கு நேரா நீட்டுனா.

"பாத்துக்க. இந்தக் கைக்கு அந்த மருந்து செல்லலன்னு மெட்ராஸ் வரைக்கும் எழுத்து போகுது. நாளைக்கு எந்த ஊர்லயோ ஒருத்திக்கு அது கேக்காமப் போகும். உன்னை மாதிரி ஒருத்தி வந்து, பத்தியம் காக்கல, பாவம் பண்ணிட்டன்னு அவளைக் குத்துவா. அப்போ அவளோட டாக்டர் சொல்லுவாரு, இல்லம்மா, உனக்கு முன்னாலயும் ஒருத்திக்குக் கேக்கல, அவ மேல எந்தத் தப்பும் இல்லன்னு. அந்த ஒருத்தி நான் தாண்டி."